நகரும் கூரை: வானவதானத்தின் பொருளியல் அடித்தளம் பற்றிய சில சிந்தனைகள்

வானவதான நிலையம் என்றதும் எமது மனக்கண்முன் தோன்றுவது வெண்ணிறக் குவிமாடமே. பாடநூல்களும் சஞ்சிகைகளும் அவ்வுருவத்தையே விஞ்ஞானத்தின் சின்னமாக நிலைநிறுத்தியுள்ளன. ஆயினும், பகலில் வேறு தொழில் செய்து இரவில் விண்ணை ஆராயும் ஆர்வலர் பலருக்குக் குவிமாடம் கிடையாது. அவர்கள் தமது வீட்டு வளவிலே சிறு அறையொன்றை எழுப்பி, அதன் கூரையைச் சில்லுகளின்மீது ஏற்றி, வேண்டும்போது ஒருபுறமாகத் தள்ளிவிடுகின்றனர். ஆரவாரமற்ற இவ்வமைப்பினை விளக்குவதும், அது எத்தகைய சமூக நிலைமைகளின் விளைவு என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள நாம் சில்லுகளையும் தண்டவாளங்களையும் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளித்தல் கூடும். ஆயின் உருவத்திற்கும் உள்ளடக்கத்திற்குமுள்ள உறவு கவிதைக்கும் நாவலுக்கும் மாத்திரம் உரிய பிரச்சினையன்று. ஒரு கட்டடத்தின் உருவத்தை நிர்ணயிப்பன யாவை, யாருடைய தேவை அதிற் படிந்துள்ளது, யாருடைய உழைப்பு அதில் மறைந்துள்ளது என்னும் வினாக்கள் ஓர் இலக்கியப் படைப்பை நோக்கி நாம் எழுப்பும் வினாக்களே.

1. அரசனின் கோபுரமும் இசைஞனின் தோட்டமும்

ஐரோப்பாவில் வானவதானம் நெடுங்காலம் அரச ஆதரவிலேயே தங்கியிருந்தது. 1576 ஆம் ஆண்டில் டென்மார்க் மன்னன் இரண்டாம் பிரெடெரிக், தைக்கோ பிராஹே என்னும் பிரபுவுக்கு ஹ்வென் தீவினை மானியமாக வழங்கினான். அங்கு எழுந்த யுரேனிபோர்க் மாளிகை வானியல் வரலாற்றிலே பெரிதும் போற்றப்படுவது. அத்தீவின் குடியானவர்கள் கட்டாய உழைப்பை நல்க வேண்டியிருந்தமையும் அதனை எதிர்த்து முறையிட்டமையும் அத்துணை பேசப்படுவதில்லை. மாளிகையின் கருவிகளைக் காற்று அசைத்தமையால், 1584 அளவில் ஸ்ரேர்ணபோர்க் என்னும் இரண்டாவது நிலையத்தைத் தைக்கோ அமைத்தார். அங்கே கருவிகள் நிலமட்டத்துக்குக் கீழே நிறுத்தப்பட்டு, திறக்கத்தக்க கூரைகளால் மூடப்பட்டன. தொலைகாட்டி தோன்றுவதற்கு முன்னரே, கருவியை மறைத்தும் வேண்டும்போது திறந்தும் வைக்கவல்ல கூரை ஒரு பிரச்சினையாக உருவெடுத்துவிட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1675 இல் இங்கிலாந்தில் கிறீனிச் நிலையம் நிறுவப்பட்டமைக்குக் கடலிலே நெடுங்கோட்டை அறியவேண்டிய தேவை உடனடிக் காரணமாயிற்று. அத்தேவையின் பின்னணியில் வணிகமும் கடற்படையும் இருந்தன. ஆனால் 1781 மார்ச் 13 ஆம் திகதி யுரேனஸ் கோள் கண்டறியப்பட்டது அத்தகைய நிலையமொன்றில் அன்று. பாத் நகரில் இசைத் தொழிலால் வாழ்ந்த வில்லியம் ஹேர்ஷல், தாமே தேய்த்துருவாக்கிய ஆடியைக் கொண்ட தொலைகாட்டியால் தமது வீட்டின் பின்புறத் தோட்டத்திலிருந்து அதனைக் கண்டார். அவருக்குக் கூரையே தேவைப்படவில்லை. கருவியை வெளியே கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்.

தொலைகாட்டி சிறிதாயிருக்கும்வரை இது சாத்தியமே. அதன் ஆடி பெரிதாகி, அதனைத் தாங்கும் பொறி பாரமாகி, அச்சு வானத்தின் துருவத்தை நோக்கி நுட்பமாக ஒழுங்குபடுத்தப்பட வேண்டியதாகும்போது நிலைமை மாறுகின்றது. ஒவ்வோர் இரவும் கருவியைத் தூக்கிவைத்து நேர்செய்வதற்கு ஒரு மணிநேரம் செல்லும். பகல்முழுதும் வேலைசெய்து களைத்தவருக்கு அந்த ஒரு மணிநேரமே அவதானிப்பதா, உறங்குவதா என்பதைத் தீர்மானிப்பதாகும். எனவே நிலையான கூடமொன்றின் தேவை முதலில் நேரத்தின் தேவையாகும். ஓய்வு நிறைந்தோர்க்கு வானவதான நிலையம் ஒரு வசதி. ஓய்வு குறைந்தோர்க்கு அது இன்றியமையாதது.

2. மூன்று தீர்வுகள்

நிலையான தொலைகாட்டியை வெயில், மழையிலிருந்து காத்து, இரவில் வானத்திற்குத் திறப்பதற்கு மூன்று பிரதான வழிகள் உள்ளன.

முதலாவது குவிமாடம். அதன் ஒடுங்கிய பிளவினூடாக வானத்தின் ஒரு கீற்று மாத்திரம் தெரியும். பிளவு தொலைகாட்டி நோக்கும் திசைக்கு வருமாறு மாடம் முழுவதும் சுழலவேண்டும். காற்றையும் தெருவிளக்கின் ஒளியையும் இது நன்கு தடுக்கும். ஆயின் அதன் வளைந்த மேற்பரப்பைச் செய்தல் எளிதன்று. சாதாரண தச்சருக்குப் பழக்கமில்லாத வேலை அது. மேலும் பகலில் மாடத்தினுள் தேங்கிய வெப்பக் காற்று பிளவினூடாக வெளியேறும்போது விண்மீனின் விம்பம் நடுங்கும்.

இரண்டாவது நகரும் கொட்டகை. இங்கே கூரை மாத்திரமன்றிச் சுவர்களும் விலகும். இங்கிலாந்தின் செல்சி என்னுமிடத்தில் பற்றிக் மூர் தமது பன்னிரண்டரை அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டியை இத்தகைய கொட்டகையிலேயே வைத்திருந்தார். அது இரு பாகங்களாகப் பிரிந்து எதிரெதிராக நகர்வது. வானம் முழுவதும் திறந்துவிடும். ஆனால் அவதானிப்போர் காற்றிலும் பனியிலும் மறைப்பின்றி நிற்கவேண்டும்.

மூன்றாவதே நாம் இங்கு விளக்கவிருக்கும் நகரும் கூரை. சுவர்கள் நிலையாக நின்று காற்றைத் தடுக்கின்றன. கூரை மாத்திரம் தண்டவாளங்களில் ஓடி அறைக்கு வெளியேயுள்ள தூண்களின்மீது தங்குகின்றது. அறையின் காற்று வெளிக்காற்றுடன் விரைவிலே கலந்துவிடுவதால் விம்பத்தின் நடுக்கம் குறைகின்றது. ஒரே அறையில் இரண்டு மூன்று தொலைகாட்டிகளை நிறுவி, வெவ்வேறு திசைகளிற் பலர் ஒருங்கே அவதானிக்கலாம்; குவிமாடத்தில் இது இயலாது. தனிமனிதனின் கண்ணுக்காக அமைந்தது குவிமாடம் என்றால், கூட்டுப் பார்வைக்கு இடமளிப்பது நகரும் கூரை எனலாம்.

கூடத்தை முற்றாக விலக்கும் முறை வறியவர்களின் சமாளிப்பு மாத்திரம் அன்று. நியூ மெக்சிக்கோவில் அப்பாச்சி பொயின்ற் என்னுமிடத்தில், ஸ்லோன் வான் அளவாய்வுக்கென அமைக்கப்பட்டு 1998 இல் முதன்முதலாக வானத்தை நோக்கிய 2.5 மீற்றர் தொலைகாட்டிக்கும் குவிமாடம் இல்லை. அதனை மூடியிருக்கும் கட்டடமே அவதானத்துக்கு முன்னர் தண்டவாளத்தில் விலகிச் செல்கின்றது. வெப்பக் காற்றின் தொல்லையைத் தவிர்ப்பதே அங்கும் நோக்கம்.

3. கட்டுமானம்

மூன்று மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் கொண்ட ஓர் அறையை உதாரணமாகக் கொள்வோம்.

முதலிற் செய்யவேண்டியது அறையன்று. தொலைகாட்டியைத் தாங்கும் தூண். இது கொங்கிரீற்றால் அமைந்து, தனக்கென ஆழமான அத்திவாரத்தைக் கொண்டிருத்தல் வேண்டும். அறையின் தரை இத்தூணை எவ்விடத்திலும் தொடலாகாது. சுற்றிலும் ஓரிரு விரல் அகல இடைவெளி விடப்படும். நூறு மடங்கு உருப்பெருக்கும் தொலைகாட்டி அதிர்வையும் நூறு மடங்கு பெருக்கும். தரையில் ஒருவர் நடந்தாற்கூட விண்மீன் துள்ளும்.

அடுத்து, சுவரின் உயரம். உயர்ந்த சுவர் காற்றையும் அயல் விளக்குகளையும் தடுக்கும். ஆனால் அடிவானத்தை மறைக்கும். தொலைகாட்டியின் சுழலச்சு அறையின் நடுவே இருப்பின், அதிலிருந்து சுவர் ஒன்றரை மீற்றர் தொலைவிலுள்ளது. சுவரின் விளிம்பு அச்சைவிட அரை மீற்றர் உயர்ந்தால் அத்திசையில் ஏறத்தாழ 18 பாகைவரை வானம் மறையும். ஆகவே சுவரை எழுப்புமுன் தூணின் உயரத்தைத் தீர்மானித்தல் அவசியம்.

கூரை ஓடுவதற்கு எதிரெதிரான இரு சுவர்களின் மேல் வலுவான தீராந்திகள் இடப்படும். அவை அறையோடு முடிவதில்லை. வெளியே மேலும் மூன்று மீற்றருக்கு நீண்டு, தூண்களின்மீது தங்கும். தீராந்திகளின்மேல் கோண இரும்பைக் கவிழ்த்துப் பொருத்தினால் அதன் முனையே தண்டவாளமாகும். நடுவிற் பள்ளம் வெட்டப்பட்ட சில்லுகள் அதன்மீது ஓடும். இங்கு பட்டறைத் தொழிலாளரின் அனுபவஞானம் ஒன்று உதவுகின்றது. இரு பக்கமும் பள்ளச் சில்லுகளை இட்டால், மரம் ஈரத்தில் ஊதி வெயிலிற் சுருங்கும்போது தண்டவாளங்களின் இடைவெளி சற்றே மாறினும் கூரை இறுகிவிடும். ஒரு பக்கத்தில் பள்ளச் சில்லும் மறுபக்கத்தில் தட்டைப் பட்டத்தின்மேல் ஓடும் தட்டைச் சில்லும் இட்டால், ஒன்று வழிகாட்ட மற்றது சுமையை மாத்திரம் தாங்கும். பொருந்தாமை ஓரளவு இருக்குமென முன்கூட்டியே ஏற்று, அதற்கு இடமளிப்பதே இம்முறையின் சிறப்பு.

கூரையின் சட்டம் மரத்தாலும் அதன்மேல் தகரத்தாலும் அமையலாம். மழைநீர் உட்புகாதவாறு இறவாரம் சுவருக்கு வெளியே இருபது செ.மீ. அளவு தாழ்ந்திருக்க வேண்டும். தகரத்தின் அடியில் வெப்பத்தடுப்பும் வெளியே வெண்ணிறப் பூச்சும் வேண்டும். இன்றேல் பகலில் அறை அடுப்பாகும். இரவில் தகரத்தின் அடியிற் படியும் ஈரம் ஆடியின்மேல் துளியாக விழும்.

இவ்வாறமைந்த கூரை, கைமரங்களும் சேர, ஏறத்தாழ 200 கி.கி. பாரமுடையதாகும். ஆயினும் தண்டவாளம் நேராகவும் மட்டமாகவும் இருப்பின், அதனைத் தள்ளுவதற்கு ஆறேழு கி.கி. பாரத்தைத் தூக்கும் விசையே போதும். சிறுவர்கூடத் தள்ளிவிடலாம். உழைப்பின் சேமிப்பு என்ற வகையில் இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இதே எளிமையில் ஆபத்தும் உறைகின்றது. செக்கனுக்கு 30 மீற்றர், அதாவது மணிக்கு 108 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்குச் சுமார் 55 கி.கி. பாரத்துக்குச் சமனாகும். இறவாரத்துடன் 11.5 சதுர மீற்றர் பரப்புடைய கூரையின்மீது அது முழுவதும் மேலிழுக்கும் விசையாகச் செயற்படின், 630 கி.கி. அளவான விசை கூரையை உயர்த்த முனையும். கூரையின் பாரமோ அதில் மூன்றிலொரு பங்கே. சுவரில் இறுக்கப்படாத நகரும் கூரை, சில்லு பூட்டிய பட்டம் என்பதற்கு மேலான விளக்கம் வேண்டியதில்லை. 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அறிந்த எவர்க்கும் இக்கணக்கு வெறும் எண்ணாகத் தோன்றாது.

ஆகவே இருவகைப் பிடிகள் தேவை. ஓடும்போது சில்லு தண்டவாளத்தைவிட்டு எழாதவாறு தீராந்தியின் அடியை வளைத்துப் பற்றும் கொளுக்கிகள் ஒருவகை. மூடியபின் நான்கு மூலைகளையும் சுவரோடு இறுக்கும் திருகாணிப் பூட்டுகள் மற்றொருவகை. சுவரும் அத்திவாரத்தோடு பிணைக்கப்படாவிடின் இப்பூட்டுகளாற் பயனில்லை. தண்டவாளத்தின் இரு முனைகளிலும் தடைக்கட்டைகள் வேண்டுமென்பதையும் இங்கு சேர்த்துரைத்தல் தகும். இறுதியாக, கூரையை மூடுமுன் தொலைகாட்டி படுக்கை நிலையில் இருக்கின்றதா என்பதை ஒவ்வொரு முறையும் உறுதிசெய்தல் வேண்டும்.

4. இடமறிந்து பெயர்த்தல்

இத்துறை நூல்கள் பெரும்பாலும் வட ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனங்கொண்டு எழுதப்பட்டவை. கூரையை வடக்கே தள்ளுக என்பது அவற்றிற் காணப்படும் பொதுவான ஆலோசனை. கோள்களும் சந்திரனும் தெற்கு வானிலேயே உலவும் நாடுகளுக்கு அது பொருத்தமானதே. முகடு சுவர்மட்டத்துக்கு மேல் 0.8 மீற்றர் உயர்ந்த கூரை வடக்கே விலகி நிற்கும்போது, அறையின் நடுவிலிருந்து நோக்குபவருக்கு 28 பாகைவரை வட வானம் மறையும். 43 பாகை அகலக்கோட்டிலுள்ள ஓர் ஊரில் துருவ விண்மீன் 43 பாகை உயரத்தில் நிற்பதால் இம்மறைப்பினால் இடரில்லை.

யாழ்ப்பாணத்தின் அகலக்கோடு 10 பாகைக்கும் சற்றுக் குறைவு. இங்கே துருவ விண்மீன் அடிவானத்துக்கு அண்மையிலேயே நிற்கும். வடக்கே விலகிய கூரை அதனை முற்றாக மறைத்துவிடும்; தொலைகாட்டியின் அச்சை நேர்செய்வதற்கான முதற்குறியே இல்லாது போகும். தெற்கேயும் தள்ளலாகாது. தென்சிலுவை இங்கே உச்சமடையும்போது ஏறத்தாழ 20 பாகை உயரமே எழும். அதனை இழப்பதற்கு நாம் உடன்பட மாட்டோம். கிழக்கையோ மேற்கையோ தெரிவுசெய்தலே பொருத்தம். விடியற்காலை வால்வெள்ளியை நாடுபவர் மேற்கையும் மாலை வானத்தை விரும்புபவர் கிழக்கையும் தெரிவர். மழைக்காலக் காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது என்பதும் கருத்திற்கொள்ளப்படல் வேண்டும். நூல் கூறும் விதி தவறன்று. அவ்விதியைத் தோற்றுவித்த நிலைமைகளே வேறு. இலக்கியக் கோட்பாடுகளைப் பெயர்க்குமிடத்தும் நாம் மறக்கலாகாத உண்மை இது.

5. நிலம் யாருக்கு, வானம் யாருக்கு

நகரும் கூரையின் மிகப்பெரிய வரையறை பொறியியல் சார்ந்ததன்று. மூன்று மீற்றர் அறைக்கு மேலும் மூன்று மீற்றர் தண்டவாளம் வேண்டும். குவிமாடம் தான் நிற்கும் நிலத்தோடு அமையும். நகரும் கூரையோ இருமடங்கு நிலத்தைக் கேட்கின்றது. மரத்தின் செலவைக் குறைத்து நிலத்தின் செலவைக் கூட்டும் அமைப்பு இது. வளவுடையவனுக்கு இது மலிவு. வாடகை அறையிலும் லயத்திலும் மாடிக் குடியிருப்பிலும் வாழ்பவனுக்கோ இது எட்டாத பொருள். ஆர்வமிருந்தால் எவரும் செய்யலாம் என்னும் கூற்று இவ்வுண்மையை மறைத்துவிடுகின்றது.

ஆர்வத்தின் விலையை உழைப்பால் அளந்துகாட்டும் நிகழ்ச்சியொன்றுண்டு. ஒகாயோ மாநிலத்தின் டெல்போஸ் ஊரைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்துச் சிறுவனான லெஸ்லி பெல்ரியர், தமது முதலாவது தொலைகாட்டியின் விலையான 18 டொலரைப் பெற 900 குவாட் ஸ்ரோபெரிப் பழங்களைப் பறித்தார். குவாட் ஒன்றுக்கு இரண்டு சதம் கூலி. 1918 முதல் அவர் மாறொளி விண்மீன்களை அவதானித்து வழங்கிய மதிப்பீடுகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன. அவற்றைச் சாத்தியமாக்கியவற்றுள் அவரது குடும்பத்தின் வயல்வெளியும் ஒன்று.

நிலத்தின் பிரச்சினைக்குத் தனிமனித முயற்சியினூடாக விடை காண்பது அரிது. கூட்டு முயற்சியாற் கண்ட உதாரணங்கள் உள. வேர்மொன்ற் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜோன்ஸ் அன்ட் லாம்சன் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவரான ஜேம்ஸ் ஹார்ட்னெஸ், 1910 இல் குளிரே தீண்டாத சுழல்கோபுரத் தொலைகாட்டியொன்றைத் தமது மாளிகை வளவில் நிறுவினார்; மாளிகையிலிருந்து அதற்கு நிலக்கீழ் வழியும் இருந்தது. அதே நகரில் 1920 இல் றசல் போர்ட்டர் ஆடி தேய்க்கும் வகுப்பொன்றைத் தொடங்கினார். அதிற் சேர்ந்தோர் பெரும்பாலும் அத்தொழிற்சாலையின் ஊழியர். அவர்களுள் ஒரு பெண்ணும் இருந்தார். உலோகத்தை நுண்ணளவாகக் கடைந்து பழகிய அவர்களின் கைகளுக்குக் கண்ணாடி புதிதேயன்றி நுட்பம் புதிதன்று. 1923 இல் அவர்கள் சங்கமாக இணைந்து, குன்றொன்றின்மேல் பொதுக் கூடம் அமைத்தனர். 1925 நவம்பரில் அல்பேட் இங்கல்ஸ் சயன்ரிபிக் அமெரிக்கன் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இச்செய்தியை நாடெங்கும் பரப்பிற்று. முதலாளியின் தொலைகாட்டி ஒருவருக்கு வசதியளித்தது. ஊழியரின் குன்று ஓர் இயக்கத்தைத் தோற்றுவித்தது.

சான் பிரான்சிஸ்கோவில் ஜோன் டொப்சன் இன்னொரு வழியைக் கண்டார். ஒட்டுப்பலகையாலான எளிய தாங்கியில் பெரிய ஆடிகளைப் பொருத்தி, 1968 முதல் அவரும் தோழர்களும் தொலைகாட்டியை நடைபாதைக்கே கொண்டுவந்து வழிப்போக்கருக்குக் காட்டினர். கூரையே வேண்டாத, நிலமே வேண்டாத முறை அது.

இவையெல்லாம் பொழுதுபோக்கு என ஒதுக்கத்தக்கனவல்ல. ஆர்ஜென்ரீனாவின் ரொசாரியோ நகரில் பூட்டுத் திருத்தும் தொழில் செய்த விக்ரர் பூசோ, 2016 செப்ரெம்பர் 20 ஆம் திகதி தமது வீட்டின் மேல்தளத்திலிருந்த 40 செ.மீ. தொலைகாட்டியிற் புதிய கமராவைச் சோதிக்கையில், மீயொளி விண்மீன் ஒன்று வெடித்தெழும் முதற்கணங்களைப் பதிவுசெய்தார். வானியலாளர் நெடுங்காலம் தேடிய காட்சி அது. 2018 இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வுக்கட்டுரையில் அவரும் ஓர் ஆசிரியராக இடம்பெற்றார்.

இன்று நகரும் கூரையே ஒரு வணிகமாகியுள்ளது. இருண்ட பாலைநிலங்களில் பெருங்கூரையொன்றின்கீழ் பலருடைய தொலைகாட்டிகள் வாடகைக்கு இடம்பெறுகின்றன; உடைமையாளர் தொலைவிலுள்ள நகரிலிருந்து கணினிமூலம் அவற்றை இயக்குகின்றனர். இது நிலமற்றவர்க்கும் இருண்ட வானத்தை அளிக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வானத்தைப் பார்ப்பதற்கு வாடகை செலுத்தவேண்டிய நிலை எவ்வாறு தோன்றிற்று? உலக மக்களுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் தம் வாழிடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதுள்ளனர் என 2016 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2019 மே மாதம் முதல் தனியார் கம்பனியொன்று ஆயிரக்கணக்கான செய்மதிகளை ஏவியுள்ளது. அவற்றின் ஒளிக்கோடுகள் அவதானப் படங்களைக் குறுக்கறுக்கின்றன. பொதுவுடைமையாய் எஞ்சியிருந்த இறுதிப் பொருள்களுள் ஒன்றான இரவு வானமும் வேலியிடப்படுகின்றது.

மேற்கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். நகரும் கூரை உழைப்போரின் நேரத்துக்கும் கைத்திறனுக்கும் ஏற்ப உருவான நல்லதோர் அமைப்பு. தனியுடைமை நிலத்தில் மாத்திரம் அது நிற்குமாயின், வளவுடையோரின் விளையாட்டுப்பொருளாகவே எஞ்சும். பாடசாலை மைதானத்தின் ஒரு மூலையிலோ, வாசிகசாலை வளவிலோ, தொழிற்சங்கக் கட்டடத்தின் மேல்தளத்திலோ அது எழுமாயின், அதன் உருவத்திலே பொதிந்துள்ள கூட்டுப் பார்வை நடைமுறையாகும். அதற்கு வேண்டியவை ஆறு மீற்றர் நீளமான நிலமும், தச்சர் ஒருவரும், பட்டறைத் தொழிலாளர் ஒருவரும், தெருவிளக்குகளுக்கு நிலம்நோக்கிய மூடியிடுமாறு உள்ளூராட்சி மன்றத்தை வற்புறுத்தக்கூடிய ஊரவருமேயாவர். முதல் மூன்றையும் தேடிக்கொள்ளலாம். நான்காவதை ஒழுங்குதிரட்ட வேண்டும்.